சாவி வந்துவிட்டால் வண்டி நிற்கும்

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யார் படித்தார்கள்? எல்லோருக்கும் அவர் 'கைராசி'தான். மற்ற மெக்கானிக்குகள் உதட்டைப் பிதுக்கி அனுப்பிய வண்டிகூட இவர் கை பட்டால் ஓர் உறுமலாவது உறுமிவிடும். சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்த மனிதர். பொறுமைதான் கொஞ்சம் மட்டு. வண்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு எதிரே நின்றால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. எதையாவது செய்து வண்டியைக் கிளப்பி அனுப்பினால்தான் மூச்சே வரும்.

அவருடைய மாமனார் ஒரு சலவைக்கூடத்தில் வேன் ஓட்டினார். தங்கும் விடுதிகளிலிருந்து அழுக்குத் துணியை அள்ளிவந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. வேன் பழசு. ஆட்டோமேட்டிக் கியர்; லிவர் கீழே இல்லாமல் ஸ்டீயரிங்கை ஒட்டியே நீட்டிக்கொண்டிருக்கும். நிறுத்தும்போது அதை மேலே தள்ளி, வண்டி உருளாமல் பிடிக்கும் 'பார்க்' நிலையில் போட வேண்டும். பார்க் சரியாக விழாவிட்டால் சாவி கழன்று வராது. வேனைச் செய்தவர்கள் அப்படி ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். பெரியவர் அந்தப் பூட்டைத்தான் மலைபோல நம்பினார். லிவரைத் தள்ளுவார், சாவியை உருவுவார், இறங்கிவிடுவார். கியரைக் காட்டும் முள் எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், "சாவி வந்துச்சுன்னா வண்டி நின்னுச்சுன்னு அர்த்தம், அப்புறம் என்ன பார்க்கக் கிடக்கு?" என்பார். ஹேண்ட் பிரேக் பேருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் சாவி வர மறுத்தது. பெரியவர் வேனை நேரே மருமகன் கடைக்கு ஓட்டிவந்தார்.

கைராசி படுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் கையை விட்டார். காரணம் உடனே தெரிந்துபோயிற்று. லிவரைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் கம்பியின் முனையில் 'புஷ்' என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது தேய்ந்து பொடியாகியிருந்தது. கம்பி லொடலொடவென்று ஆடியது. அதனால் லிவர் பார்க்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொண்டது. பூட்டும் சாவியை விடவில்லை. பூட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

புதுப் புஷ் கையில் இல்லை. சலவைக்கூடத்து முதலாளியோ போனில் கத்திக்கொண்டே இருந்தார். பெரியவரும், "ஏதாவது பண்ணி விடுங்க மாப்பிள்ளை, துணியெல்லாம் உள்ளேயே கிடக்கு" என்று கெஞ்சினார். கைராசி பூட்டைக் கழற்றினார். சாவியைப் பிடித்துவைக்கும் குட்டி இரும்பு நாக்கை அரத்தால் ராவித் தள்ளினார். சாவி வழுக்கிக்கொண்டு வந்தது.

"புஷ் வந்ததும் கூப்பிடுறேன் மாமா, மாத்திடலாம்" என்றார்.

இனி எந்தக் கியரில் கிடந்தாலும் சாவி வந்துவிடும், அதை நம்பாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர் புன்னகையோடு போனார். புஷ் வந்தது. மேசை இழுப்பறைக்குள் போனது. கைராசி அதை அடியோடு மறந்துபோனார்.

பிறகு ஒரு பகலில், விடுதியின் பின்பக்கச் சரிவில் நிறுத்தியிருந்த வேன் தானாகப் பின்னால் நகர்ந்தது. துணி மூட்டையோடு வந்த பெரியவர், மூட்டையைப் போட்டுவிட்டுத் துரத்திக்கொண்டு ஓடி, விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். வேன் மதிலில் மோதி நின்றது. நடுவில் யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ!

"பார்க்கில போட மறந்துட்டாரு, வயசாயிடுச்சுல்ல" என்றார் முதலாளி. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பெரியவர், "போட்டேன்யா, சாவி வந்துச்சே" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. நாலு பேர் நாலு தடவை சொன்னபிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கைராசியின் மனைவியான மகள் அவரைத் தன் வீட்டோடு கூட்டிவந்தாள். அடுப்புப் பக்கம் விடவில்லை. தனியாகக் கடைக்கு அனுப்பவில்லை. மருந்து மாத்திரையை அவளே எண்ணிக் கொடுத்தாள். பாசத்தில்தான் செய்தாள், ஆனால் மனிதர் சுருங்கிப்போனார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினோமா என்று தன் விரலையே முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

மோதிய வேன் பழுதுபார்க்க வந்தது எங்கே? கைராசியின் கடைக்குத்தான். பூட்டைத் திறந்தவுடன் தன் அரம் போட்ட தழும்பு பளபளவென்று கண்ணில் பட்டது. லிவரை மேலே தள்ளினார். முக்கால்வாசி போய் நின்றது. சாவியை உருவினார். வந்தது. வேனை லேசாகத் தள்ளினார். உருண்டது. மறந்தது மாமா இல்லை, தான்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனார். மனைவி தட்டு வைத்தபடி, "இன்னைக்கு அப்பா குழாயை மூடுனேனான்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள். இவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குழம்பு கேட்டார். மறுநாளும் மென்று விழுங்கினார். அதற்கு மறுநாளும் அப்படியே. கடையின் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு பயம். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பயம். அந்தக் கோழைத்தனத்தை என்னவென்று சொல்ல!

மூளை டாக்டரிடம் காட்டலாம் என்று மகள் கிளம்பிய காலையில்தான் கைராசிக்கு வாய் திறந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றார்.

"டாக்டர் வேணாம் மாமா. உங்களுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பூட்டை ராவினேன். பார்க் விழாமலே சாவி வந்துடும். உங்ககிட்ட சொல்லல. புஷ்ஷையும் மாத்தல."

மனைவி பையைத் தரையில் போட்டாள். "இத்தனை நாளா தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களா? எங்கப்பாவை நானே புத்தி கெட்டவர் மாதிரி நடத்துனேனே! என் கையாலயே செய்ய வெச்சிட்டீங்களே!" அவள் அழுத அழுகையில் இவர் தலை நிமிரவில்லை. பெரியவர் மட்டும் திட்டவில்லை. "அப்போ நான் மறக்கலையா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார்.

கைராசி அன்றே முதலாளியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். முதலாளி கண்டபடி ஏசிவிட்டு, பெரியவரை மறுபடி வேலைக்கு வரச்சொன்னார். புதுப் பூட்டு, புதுப் புஷ், இழுவைக் கேபிள் மாற்றிய ஹேண்ட் பிரேக் எல்லாம் கைராசியே போட்டார். ஒவ்வொரு கியரிலும் சாவியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பார்க்கைத் தவிர வேறெதிலும் வரவில்லை.

மாமனாரை ஓட்டவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். அதே சரிவில் நிறுத்தச் சொன்னார். பெரியவர் லிவரைத் தள்ளினார். முள்ளைக் குனிந்து பார்த்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவி வந்தது. இறங்கிக் கதவைச் சாத்தியவர் அங்கேயே நின்றார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். சாத்தினார். நாலடி நடந்து திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒருதடவை பார்த்துட்டு வாங்களேன்."

கைராசி போய்ப் பார்த்தார். "பார்க்கிலதான் இருக்கு மாமா."

"நிஜமாத்தானே சொல்றீங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"நிஜமாத்தான் மாமா" என்றார் கைராசி.

பெரியவர் தலையாட்டினார். உள்ளங்கையில் இருந்த சாவியைப் பார்த்தார். பிறகு வேன் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு கல் தேடிப் போனார்.