கையால் குறைத்த அரை மணி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கிளிஃப் டிரெவின் முதலில் ரௌட்டரின் முதுகைத்தான் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. "கொதிக்குதே. மீன் தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா அது என்னதான் பண்ணும், பாவம்."

பகலில் டயர் கடை. மாலையில், புரோக்கன் ஹில் ஊரில் எவர் கணினியில் இணைய விளையாட்டு இணையாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி ஒரு பீரும் சாசேஜும். ஆட்டத்துக்கு ஆள் சேராமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், "நம்ம நாட்டுல இருக்கறதே நாலு பேரு, அவனுங்களும் சாப்பிடப் போயிட்டானுங்க. சிங்கப்பூரையும் சேத்துத் தேடு" என்பார். எல்லாம் சரியாக இருந்தும் தோற்பவர்களிடம், "கோளாறு லைன்ல இல்ல தம்பி, நாற்காலில இருக்கு."

ஊருக்கென்றே ஒரு வியாதி உண்டு. மாநிலம் சிட்னியுடையது, நேரம் அடிலெய்டுடையது, அரை மணி பின்னால். கணினியோ சிட்னி நேரத்தையே காட்டும். எரிச்சலில் ஜனங்கள் கணினியின் நேர மண்டலப் பட்டியலில் சிட்னி என்ற ஊர்ப் பெயரை மாற்றாமல் நேரத்தை மட்டும் கையால் குறைத்துவிடுவார்கள். பொய் நேரம் சொல்லும் கணினியை விளையாட்டின் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடும். கிளிஃப் பட்டியலில் அடிலெய்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு சாசேஜைக் கடித்தபடி கிளம்புவார்.

அவருடைய கணினியில் மட்டும் அந்தப் பெயர் ஏறியதில்லை. மனைவி லோரெய்ன் மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த ஊர் அது. சிட்னி நேரத்திலேயே விட்டு, மனதுக்குள் அரை மணி கழித்துக்கொள்வார். போன ஞாயிறு கழிக்க மறந்து, மகள் டெஸ் வருவதற்கு அரை மணி முன்பே ஆட்டத்தில் போய் உட்கார்ந்து, அவள் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதே அதில்தான். அந்த வெட்கத்தில் நேரத்தைக் கையால் குறைத்து வைத்தார்.

இந்த ஞாயிறு சர்வர் அவரை உள்ளே விடவில்லை.

"என் வீட்ல இதையேதான சரி பண்ணினே?" என்றாள் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கார்மல்.

"அது வேற, இது வேற. சர்வர் மக்கர் பண்ணுது."

போனில் டெஸ். "எனக்கு நல்லாத்தானப்பா இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போக அம்மா காரை எடுத்துட்டாங்க. வர்றியா, இல்ல அடுத்த வாரம் பாக்கலாமா?"

"இரும்மா, வந்துட்டேன்."

"வெறும் பேருதான கிளிஃப்," என்றாள் கார்மல். "கடிச்சிடாது."

கிளிஃப் பட்டியலைத் திறந்தார். கார்மலுக்குத் தெரியாதபடி திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அடிலெய்டை அழுத்தினார்.