இரண்டு இறகு குறைந்த பெட்டை

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். லீவு முடிந்து அவர் கிளம்பியதும் ராஜபாளையத்து வீட்டு மாடியில் இருக்கும் புறாக்கள் என் பொறுப்பாகிவிடும். அவற்றில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைமேல்தான் அவருக்கு உயிர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அதைப் பறக்கவிட்டுவிட்டு நான் பஸ் ஏறினால், எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

போன ஆவணியில் அது சரியாகப் பறக்கவில்லை. மற்றவை தென்னந்தோப்புக்கு மேலே வட்டமடிக்க, இது ஒரே சுற்றில் இறங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரில் உட்காரக்கூடப் படபடவென்று அடித்துத் தடுமாறியது. பிடித்து ஒரு இறக்கையை விரித்தேன். நுனிக்குச் சற்று உள்ளே இரண்டு நீள இறகுகள் இல்லை.

உடனே பக்கத்து வீட்டு அக்காவின் நினைவுதான் வந்தது. மாடி அறையில் ஜாக்கெட் தைப்பவர். காயப்போட்ட துணியில் எச்சம் விழுந்த அன்று, "எல்லாத்துக்கும் றெக்கைய நறுக்கி விட்டுருதேன் பாரு" என்று சத்தம் போட்டிருந்தார்.

துணி காயப்போடும் சாக்கில் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கத்தரிக்கோலை இரண்டு மாடிக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, புறாக்களுக்கு அரிசி இறைத்தார். முன்னெல்லாம் இறைத்தாரா? எனக்கு ஞாபகம் இல்லை. எதற்குப் பக்கத்தில் கூப்பிடுகிறார்? மூன்றாம் நாள் அவருடைய கொடிக்கயிற்றுக்குக் கீழே ஒரு சாம்பல் இறகு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய், குடத்தோடு நின்றவர்கள் முன்னால் அவரிடம் நீட்டினேன்.

"இது என்னக்கா? வாயில்லா ஜீவன் ஒங்கள என்ன பண்ணுச்சு?"

"ஏட்டி, நான் அதத் தொட்டதுகூட இல்ல." அவர் குரல் நடுங்கியது. குற்றம் செய்ததால்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீடியோ காலில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழாயடிச் சண்டையைத் தவிர.

"மறுபக்கத்து றெக்கையப் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. போனைச் சாய்த்துவைத்துவிட்டு, பெட்டையைப் பிடித்து விரித்தேன். அங்கும் அதே இடத்தில் இரண்டு இல்லை.

"வெட்டியிருந்தா எறகோட அடிக்குச்சி மிச்சம் நிக்குமே. நிக்கா?"

நிற்கவில்லை. பென்சில் முனைபோலக் கருநீலக் குருத்துகள்தான் முளைத்திருந்தன.

"பழச உதுத்துட்டு புதுசு போடுதுட்டி. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல விழுந்தாத்தான் பறக்கும்போது சாயாது. உள்பக்கத்து எறகு ஒடம்பத் தூக்கிப் புடிக்கும். நுனி எறகுதான் காத்தத் தள்ளி முன்னால கொண்டுபோகும். அதுல ரெண்டு கொறஞ்சா சீக்கிரம் எளச்சு எறங்கிரும். பொறவு சரியாயிரும். நீ யாரையும் ஒண்ணும் சொல்லிறலயே?"

"இல்ல" என்றேன்.

மறுநாள் காலையில் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "குழாயடியில சொன்னதக் குழாயடியில வந்து இல்லன்னு சொல்லு."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

குருத்துகள் வளர்ந்ததும் பெட்டை பழையபடி மலைப்பக்கம்வரை போய்த் திரும்பியது. அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் நான் எங்கள் மாடியில் இருக்கும்போது அவர் தன் மாடிக்கு வந்தால், முதலில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். "பாத்துக்கிடு, ஒண்ணுமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.