அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பதில்

பெயர் போடாமல் வந்த புகாருக்கு, எழுதியவரைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் பதில் சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கேன்டீன் வாசலில் உள்ள புகார்ப் பெட்டியின் சாவி என்னிடம்தான். வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ஒரு வாரத்துக்குள் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேருபவர்களிடம், "பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் தெரியாது" என்று சொல்பவளும் நானே.

சென்ற மாதம் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பத்து நிமிடம் கேட்டால் சூப்பர்வைசர் விடுவதில்லை, எல்லோர் எதிரிலும் கிண்டல் செய்கிறார் என்று எழுதியிருந்தது.

என் மகளுக்கு ஒன்றரை வயது. வேலைக்குத் திரும்பிய புதிதில் நானும் கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறேன். அதனால்தான் அவசரப்பட்டேனோ என்னவோ. மேலாளரிடம் பேசி, முதலுதவி அறையில் திரை போட வைத்தேன். இரண்டு இடைவேளைக்கு அனுமதி வாங்கினேன். சூப்பர்வைசரை எச்சரித்ததையும் சேர்த்துத் தட்டச்சு செய்து ஒட்டினேன். பெயர் எங்கும் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த ஷிப்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்திதான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மதியம் கேன்டீனில் சூப்பர்வைசர் அவள் எதிரே தட்டோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா, போர்டுலயே வந்துட்ட. இனிமே உன்ன மேடம்னு கூப்புடணுமா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவளோடு வேலை செய்யும் பெண், "சும்மா போண்ணா, அது சாப்ட்னுகீது" என்றாள்.

"நான் இன்னா சொன்னேன்? மரியாததான குடுக்கறேன்."

கை கழுவும் இடத்தில் அவள் என் பக்கம் வந்தாள். "யாருக்கும் தெரியாதுன்னு நீதானக்கா சொன்ன? எங்க ஊட்டுக்காரரும் இதே கம்பெனி பஸ்ல தான் வேலைக்கு வராரு. அவரு மூஞ்சிய எங்க வெச்சிப்பாரு?"

நான் குழாயை மூடினேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பத்து நாள் ஆனதும், சொல்லாமல் நின்றவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸை மேலாளர் என் மேசையில் வைத்தார்.

"அனுப்பிடும்மா. வரலேன்னா பேரை எடுத்துடலாம்."

"சார், அவ ஏன் வரலேன்னு நமக்குத் தெரியும்."

"ரெக்கார்டுல இருக்கா?"

இல்லை. நோட்டீஸை நிறுத்த வேண்டுமானால், புகார் எழுதியது அவள்தான் என்று நானே கோப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், தானாக வேலையை விட்டவளாகிவிடுவாள்.

நோட்டீஸ் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. மாதக் கடைசிவரை தள்ளிப்போட முடியும். ஆரம்பாக்கத்தில் அவள் வீடு எனக்குத் தெரியும். ஆனால் நான் போய் நின்றால், தெருவுக்கும் தெரிந்துவிடாதா?

இப்படியொரு மேசையில் உட்கார்ந்தவர்களோ, அவள் இடத்தில் இருந்தவர்களோ இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நான் போகலாமா? போனால், அவளிடம் முதலில் என்ன கேட்பது?