என் நம்பரைச் சேமித்து வைத்தவர்கள்

தையல் மிஷின் ரிப்பேர் செய்வது என் தொழில். மும்பை தாராவியில் இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எங்கள் மெக்கானிக் சங்கத்தில் செய்தி அனுப்புகிற வேலை எனக்கு வந்ததே அதனால்தான். பொறுப்புகளைப் பங்கு போட்ட அன்று எல்லோரும் எழுந்து எழுந்து பேசினார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த அண்ணாச்சிதான் பேசவே மாட்டாரே, அவருகிட்ட குடுங்க. வம்பு வராது" என்றார் அப்போதைய தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். வேலை என்னிடம் வந்துவிட்டது.

அதுவரை வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தது. காலையில் பூ, மத்தியானம் சாமி படம், சாயங்காலம் அரசியல் சண்டை. மிஷினில் அடிநூலைக் கோக்கிற ஹூக் செட்டில் போலி விற்பனைக்கு வந்திருக்கிறது என்று ஒருவர் எச்சரித்தது அந்தப் பூக்களுக்கு அடியில் போய்விட்டது. செம்பூர்க்காரர் ஒருவர் அதையே வாங்கி மாட்டி, மிஷின்காரரிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். நான் குரூப்பை மூடிவிட்டு பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டேன். தாராவிக்கு ஒன்று, மாட்டுங்காவுக்கு ஒன்று, செம்பூருக்கு ஒன்று, சான்பாடாவுக்கு ஒன்று. நான் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும். பதில் எனக்கு மட்டும் வரும். செம்பூரில் கூட்டம் தள்ளிப்போனது சான்பாடாக்காரருக்கு எதற்கு?

இந்த லிஸ்டில் ஒரு சங்கதி உண்டு. என் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்பர் லைன் ரயிலில் ஏறி ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தேன்.

"உங்க நம்பர் தாங்க. என் நம்பரை இப்பவே, என் கண் முன்னால சேவ் பண்ணுங்க."

இவ்வளவுதான் பேசுவேன். அவர்கள் கேட்டதும் ஒன்றுதான்: "வேற யாருக்கும் குடுத்துர மாட்டீங்கள்ல?" மாட்டேன் என்பேன். ஒருவர் என்னை 'ஆயில் கேன்' என்று சேமித்தார். சான்பாடாவில் ஒருவர் இந்தி எழுத்தில் எதையோ போட்டார். என்னவென்று கேட்டேன். 'ஊமை அண்ணாச்சி' என்று வாசித்துக் காட்டினார். இருக்கட்டும், சேமித்தாரே.

எங்கள் ஆட்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் செய்தியைக் குரலாகவே அனுப்புவேன். கதவைச் சாத்திவிட்டுப் போனிடம் பேசும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. போன் என் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா.

பிறகு புதிய செயலாளர் வந்தார். பி.காம். படித்தவர், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் கடைக்கு அழைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"ஒரு மிஷின் கம்பெனி நம்ம ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் பிரியாணி போடறேன்னு சொல்றாங்க. மெம்பர்ஸ் நம்பர் லிஸ்ட் மட்டும் கேக்கறாங்க. அனுப்பிடுங்க."

"குடுக்க முடியாது சார்."

"என்னது?"

"எங்கிட்ட நம்பிக் குடுத்தது."

அவர் சிரித்தார். "நம்பர் சங்கத்தோடதுங்க, உங்களோடது இல்ல. டேட்டா மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? என்ன படிச்சிருக்கீங்க நீங்க?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "சங்கத்தோடதுன்னா சங்கத்துல உள்ளவங்க சொல்லட்டும்" என்றேன். வீடு வந்து சேரும்வரை காது சுட்டுக்கொண்டே இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அவர் செம்பூரில் பொதுக்கூட்டம் போட்டார். நான்கு விஷயங்கள். நான்காவது, செய்திப் பொறுப்பை என்னிடமிருந்து எடுப்பது, உறுப்பினர்களின் நம்பர்களைக் கம்பெனிக்குக் கொடுப்பது. சேர்க்கைப் புத்தகத்திலிருந்து நம்பர்களை எடுத்து, தன் போனில் ஒரு லிஸ்ட் போட்டு, நோட்டீஸைத் தானே அனுப்பினார். நான் அப்படிச் சொன்ன பிறகு, கூட்டத்தைக் கேட்காமல் அந்த நம்பர்களைக் கம்பெனிக்குக் கொடுக்க அவருக்கும் துணிவு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து என் பட்டறை வாசலில் வந்து நின்றார். நான் ஓவர்லாக் மிஷின் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன். போனைக் காட்டினார். அவர் கடையில் சாமான் வாங்குகிற நாலைந்து பேருக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

"நெட்வொர்க் சரியில்லையோ?"

"உங்க நம்பரை யாரும் சேவ் பண்ணலை சார்."

பக்கத்தில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த என் கூட்டாளி தலையைத் தூக்காமல் சொன்னார்: "போன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல சார். தெரியாத நம்பர்னா லோன்காரன்னு நெனச்சி எங்க ஆளுவ எடுக்கவே மாட்டாவ."

செயலாளர் போனைப் பைக்குள் போட்டார். "நோட்டீஸ் போகலைன்னா கூட்டமே செல்லாது. நீங்களே அனுப்பிடுங்க."

அவர் போனதும் கூட்டாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னவே, உம்மைத் தூக்குற நோட்டீஸ உம்ம கையாலயே அனுப்பப் போறீரா? பேசாம அமுக்கிப்போட்டு இரும்."

அமுக்குவது சுலபம். ஆனால் எனக்குப் பிடிக்காததை நிறுத்தி வைக்க ஆரம்பித்தால் அந்த லிஸ்ட் என் சொந்தச் சொத்தாகிவிடும். பிறகு அவரை நான் என்ன குறை சொல்வது? கதவைச் சாத்தினேன். நான்கு விஷயங்களையும் ஒரு வார்த்தை மாற்றாமல் வாசித்தேன். முடிவில் இதையும் சேர்த்துச் சொன்னேன்: "இது இனி நான் சொல்லுதது. உங்க நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லித்தான் வாங்கினேன். இப்பவும் குடுக்க மாட்டேன். நேர்ல வந்து உங்க வாயால சொல்லுங்க." நான்கு லிஸ்டுக்கும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். செயலாளர் நான்காவது விஷயத்தைப் படித்தார். போலி ஹூக் வாங்கி ஏமாந்த செம்பூர்க்காரர் எழுந்தார்.

"ஒரு பிளேட் பிரியாணிக்கு வருஷம் பூரா கம்பெனிக்காரன் போன் அடிக்கணுமா? நல்ல விருந்துதான். அந்த ஊமை அண்ணாச்சி என்ன சொல்றாரு, கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்தேன். வழக்கம்போல வாய் திறக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, நான் அனுப்பியதையே போட்டேன். மூடிய அறையில் நான் பேசிய குரல் அந்தக் கூடத்தில் கேட்டது. 'இப்பவும் குடுக்க மாட்டேன்.' நான் தலையைக் குனியாமல் நின்றேன்.

கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று ஏழெட்டுக் கைகள்தான் உயர்ந்தன.

"சரி. ஆனா செய்திப் பொறுப்பை உங்ககிட்டேர்ந்து எடுத்தாச்சு. இனிமே இது சங்கத்து லிஸ்ட் இல்ல, உங்க லிஸ்ட். கமிட்டியிலயும் நீங்க இல்ல" என்றார் செயலாளர். தலையாட்டினேன்.

ஆண்டு விழாவில் வடாபாவ்தான். "உம்மாலதாம்வே பிரியாணி போச்சி" என்று கூட்டாளி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். சங்கத்துப் பலகையில் என் பெயர் இல்லை. நான் செய்தி அனுப்புவதை நிறுத்தவும் இல்லை.

போன வாரம் பெல்ட் வாங்கக் கிங்ஸ் சர்க்கிள் கடைக்குப் போனேன். செயலாளர் பெல்ட்டைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்ச நாளா எனக்கு எந்த மெசேஜும் வர்றதில்ல. லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டீங்களா?"

"மாட்டுங்கா லிஸ்ட்ல நீங்க அப்படியேதான் இருக்கீங்க சார். நீங்கதான் என்னை அழிச்சிட்டீங்க."

அவர் போனைக் கையில் எடுத்தார். நான் என் நம்பரைச் சொன்னேன். "இப்பவே சேவ் பண்ணுங்க. என் கண் முன்னால."

செய்தார். என்ன பெயரில் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.