மாற்றித் தரப்படாத அட்டை

புத்தாண்டின் முதல் ஞாயிறு. பினாங்கில் எங்கள் ஜார்ஜ் டவுன் தேவாலயத்தின் வாசலில் வழக்கம்போல் ஒரு கூடை. அதற்குள் வாக்குத்தத்த அட்டைகள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் வேதவசனம் ஆண்டு முழுவதற்கும் நமக்கானது. ஆசீர்வாதம், பாதுகாப்பு, பெருக்கம்... இதுவரை எவருக்கும் இனிக்காத அட்டை வந்ததில்லை.

இவ்வாண்டு வந்தது.

கடையில் அட்டைகள் தீர்ந்துபோனதால், சபைச் செயலாளர் டேவிட் தாமே கணினியில் தயாரித்து அச்சிட்டிருந்தார். நல்ல மனிதர். எல்லாம் வேதந்தானே என்று எண்ணி, வாக்குத்தத்தங்களோடு கட்டளைகளையும் கலந்துவிட்டார். விளைவு? ஆராதனை தொடங்குமுன்பே, அட்டையை மாற்றித் தரக் கேட்டு அவர் மேசைமுன் ஒரு வரிசை! நானும் அதில் நின்றேன் — காரணம் பிறகு.

எனக்கு முன்னால் ஸ்டெல்லா அக்கா. ஓய்வுபெற்ற தாதி, வேதபாட வகுப்பின் ஆசிரியை. கடைசி ஆமென் ஒலிக்கும்வரை இருக்கையை விட்டு அசையாதவர்.

"டேவிட் தம்பி, இது எனக்கு வேணாம். வேற ஒண்ணு கொடு லா."

"அக்கா, இது என்ன நாசி கண்டார் சோத்துக்கடையா? இந்தக் குழம்பு வேணாம், அந்தக் குழம்ப ஊத்துன்னு கேக்க?"

வரிசை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அட்டையை என்னிடம் நீட்டினார். காணிக்கை செலுத்த வருகையில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று பணிக்கும் வசனம்.

சபை முழுவதும் அறிந்த கதைதான். அக்காவின் தங்கை ரோசலின் கடற்பாலத்துக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய மகள் ஓர் இந்து இளைஞனை மணந்தாள். முருகன் கோயிலுள்ள தண்ணீர்மலை அருகே மண்டபம். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்று வேதத்தைக் காட்டி, அக்கா போகவில்லை. அன்றுமுதல் இருவருக்கும் பேச்சில்லை.

"எனக்கு அவமேல கோபமே இல்ல தம்பி," என்றார் என்னிடம்.

"வசனம் அதக் கேக்கலயே அக்கா. அவங்களுக்கு உங்கமேல இருக்கான்னுதானே கேக்குது?"

அக்கா அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காணிக்கைப் பாடல் தொடங்கியது. அக்கா முன்னால் சென்று உறையைத் தட்டில் வைத்தார். இருக்கைக்குத் திரும்பவில்லை... நேராக என்னிடம் வந்தார்.

"கார் கொண்டாந்திருக்கல்ல? பாலத்துல ஓட்ட எனக்குப் பயம். வா, சுங்கை பாக்காப் போவோம்."

"இப்பவா? பிரசங்கம் முடியட்டுமே அக்கா!"

"'முதல்ல'ன்னு போட்டிருக்கு."

நாம் வேதத்திற்குக் கீழ்ப்படிவது பெரும்பாலும் எவ்வாறு? பிறருக்குப் பொருந்தும் வசனத்தை உரக்கப் படிக்கிறோம். நமக்குப் பொருந்துவதை மாற்றித் தரக் கேட்கிறோம். தங்கையிடம் காட்டிய அதே கண்டிப்பை அக்கா தம்மிடமும் காட்டினார். அதுதான் அரிது.

பாலத்தின் நடுவில் அவராகவே பேசினார்: "கல்யாணத்தப் பத்தி என் கருத்து மாறல தம்பி. ஆனா ஒரு போன்கூடப் பண்ணாம இருந்தேன் பாரு... அதுக்கு எந்த வசனத்தக் காட்டுவேன்?"

ரோசலின் தம் வீட்டுக் கேட்டுக்கு உள்ளேயே நின்றார். திறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னிக்கு சர்ச் இல்லையா?"

"இருக்கு. பாதியில எழுந்து வந்துட்டேன்."

"யாரு... நீயா?"

"உனக்கு என்மேல குறை இருக்குல்ல? அத முதல்ல தீர்க்கச் சொல்லியிருக்கு."

"நெறைய இருக்கு. நடுவுல வசனம் சொல்லாம உக்காந்து கேப்பியா?"

"கேக்கத்தான் வந்தேன்."

கேட் திறந்தது.

நான் காரிலேயே இருந்துவிட்டேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று திரும்பும் வழியில் அக்கா சொன்னார், எழுதவும் ஆசைதான். ஆனால், எனக்கு வந்த அட்டை நாவைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது — டேவிட் அதையும் மாற்றித் தரவில்லை.