மாலை போட்ட முகப்புப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை போடியிலிருந்து கவிதா போன் செய்தாள். ஏலக்காய் வியாபாரி முத்தையா அண்ணனின் மகள். இப்போது கடையை நடத்துவது அவள்தான்.

"அக்கா, எங்க தாத்தா போட்டோ... நீங்க மொதமொதல்ல வெப்சைட்டுல போட்டீங்கள்ல, அது இருக்கா? வெரசா வேணும்."

"ஏன், என்னாச்சு?"

"புது வெப்சைட்டுல தாத்தாவைத் தூக்கிட்டோம்க்கா. ஸ்வீடன்காரவுக ஆர்டரை நிறுத்தி வச்சுட்டாக."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கால் நூற்றாண்டாக ஏலக்காய் வாங்குகிறவர்கள். எப்படிச் சிரிப்பாள்?

தொண்ணூறுகளின் கடைசியில் போடியில் நான் வெப் டிசைனர். ஊரில் வேறு டிசைனர் கிடையாது. 'நானே ராஜா' என்று பெருமைப்படலாம்தான். ஆனால் ஊரில் யாருக்கும் வெப்சைட்டே வேண்டியிருக்கவில்லை. அப்பா தென்னந்தோப்புக்காரர். கம்ப்யூட்டர் வாங்கித் தந்துவிட்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"இந்த ஏலக்காய் சீசன் முடியட்டும். நீ செய்யிற சோலியைப் பார்த்து வெளியூர்ல இருந்து ஒரு லெட்டராச்சும் வரணும். இல்லாட்டி மதுரையில பி.எட். சேர்ந்துரு."

எனக்கு டீச்சர் வேலை மீது கோபமில்லை. ஆனால் இந்த வேலை மீது காதல். என்ன செய்ய?

தெருத் தெருவாக அலைந்து பிடித்த முதல் கிளையன்ட் முத்தையா அண்ணன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் அவருடைய அப்பா படம் வேண்டும். கடைச் சுவரில் தொங்குகிற அதே படம். ரோஜா மாலை, சந்தனப் பொட்டு, சுற்றிலும் மின்னுகிற சீரியல் பல்பு... எல்லாமே வேண்டும்.

"அண்ணே, வெளிநாட்டுக்காரன் ஏலக்காய் பார்க்க வர்றான். இறந்தவர் படத்தை எதுக்கு மொதல்ல காட்டணும்?"

"கடைக்குள்ள நொழையிறவன் மொதல்ல எங்கப்பாவைத்தானத்தா பார்க்குறான். இதுவும் கடைதான?"

கேமராவை எடுத்தேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கவும் விடவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று, கண்ணாடியில் டியூப்லைட் தெறிக்கத் தெறிக்க ஒரு போட்டோ எடுத்தேன். மதுரைக்குப் போய் ஸ்கேன் செய்து வந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. போன் லைனில் ஊர்ந்து வரும் இன்டர்நெட். படம் முழுசாக வர மூன்று நிமிஷம். முதல் நிமிஷம் வெறும் சுவர். இரண்டாவது நிமிஷம் நெற்றி. அதற்குள் எவன் காத்திருப்பான்?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்தை எட்டுத் துண்டாக வெட்டினேன். முகம் இருக்கும் துண்டை மட்டும் மிகச் சின்ன ஃபைலாக்கி, அது முதலில் வரும்படி வைத்தேன். பக்கத்தைத் திறந்தால் பத்தே நொடியில் பெரியவர் முகம். மாலை, பல்பு, பொட்டெல்லாம் பொறுமையாகப் பின்னால் வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

புரட்டாசி போனது. ஐப்பசி, கார்த்திகை போனது. பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களை எண்ணும் கவுன்ட்டர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நானும் உள்ளூரக் குளிர்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது — அண்ணன் தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறார்.

என் அப்பா பி.எட். விண்ணப்பம் வாங்கி டிவி மேல் வைத்துவிட்டார்.

தை பிறந்து நாலாவது நாள் அந்த மெயில் வந்தது. ஸ்வீடனில் பேக்கரிகளுக்கு ஏலக்காய் சப்ளை செய்கிற கம்பெனி. அந்த ஊரில் பன்னுக்குள் ஏலக்காய் போடுவார்களாம். எழுதியவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: 'பூ அணிந்திருக்கும் பெரியவர்தான் உங்கள் ஏலக்காயைத் தேர்வு செய்கிறாரா?'

மாலை என்றால் அவர்களுக்கு மரியாதை. அவ்வளவுதான். சந்தனப் பொட்டும் சீரியல் பல்பும் சொல்லும் சேதி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணனிடம் ஓடினேன். படித்துச் சொன்னதும், "ஆமான்னு எழுதிரு" என்றார்.

"எப்படிண்ணே? நாளைக்கு அவரைப் பார்க்கணும்னு வந்து நின்னா?"

அண்ணன் மேஜையில் கிடந்த ஒரு காயை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார்.

"அப்பா போயி ஏழு வருசமாச்சு. ஆனா காயை இப்பிடி உருட்டையில இது என் கை இல்லத்தா, அவரு கை. இதை இங்கிலீஷ்ல எழுத முடியுமா?"

முடிந்தது. என் பள்ளிக்கூட இங்கிலீஷில் அப்படியே எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. ஏழு வருஷம் தாமதமாக ஓர் அனுதாபக் கடிதம். கீழே, சாம்பிள் அனுப்பச் சொல்லி ஒரு வரி.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கேள்வி: "எத்தனை எம்.எம். சைசுல காய் கேட்டிருக்காக?"

அந்த மெயிலின் பிரின்ட்டை என் அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டையே சுற்றினார். டிவி மேலிருந்த விண்ணப்பம் எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்குள் குதிக்காத குறைதான்.

பிறகென்ன, கூட்டம்தான். கல்யாண மண்டபம், மாங்காய் மண்டி, குரங்கணியில் ஒரு காப்பித் தோட்டம்... வந்தவர்கள் எல்லோரும் மாலை போட்ட ஒரு போட்டோவோடு வந்தார்கள். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிற அண்ணன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கப்பா உசுரோடதான் இருக்காரு. பரவாயில்லையா?"

டிசைன் புத்தகம் எதிலும் இந்தப் பாடம் இல்லை. வேகம், அழகு, கலர் என்று நாம் மாய்ந்து போகிறோம். வாங்குகிறவனோ, யாரிடம் வாங்குகிறோம் என்றுதான் பார்க்கிறான். போட்டோ விஷயத்தில் அண்ணன் சரி, நான் தப்பு. படத்தை வெட்டின விஷயத்தில் மட்டும் நான் சரி!

போன மாதம் ஒரு பெரிய நகரத்துக் கம்பெனி கவிதாவுக்குப் புது வெப்சைட் செய்து தந்தது. பெரியவர் இருந்த இடத்தில் மேகம் தவழும் பச்சை மலை. உடனே ஸ்வீடனிலிருந்து மெயில்: 'கடையை விற்றுவிட்டீர்களா? பெரியவர் எங்கே?' சரியான பதில் வரும்வரை ஆர்டர் கிடையாது.

கவிதா கையிலிருந்து போனை முத்தையா அண்ணன் வாங்கினார். எழுபத்தஞ்சு வயசிலும் அதே குரல்.

"எங்கப்பாவை எடுத்துட்டு மலையை வச்சிருக்கானுகத்தா. மலைகிட்டயா காய் வாங்குறாக?"

சுவரில் இருந்த படம் வெளுத்துவிட்டதாம். என் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கிளறினேன். இருந்தார். எட்டுத் துண்டாக. அன்று வெட்டிய அதே கையால் ஒட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தைக்கூட அழிக்கவில்லை. சாயங்காலமே படம் பக்கத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. இப்போது அரை நொடியில் மொத்தமாக வந்துவிடுகிறார்.

மறுநாள் ஸ்வீடனிலிருந்து ஒரு வரி: 'அவரைப் பார்த்ததில் மகிழ்ச்சி. வழக்கம்போல் அனுப்புங்கள்.'

போடிக்கு இன்டர்நெட் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த மனுஷர்... நாலு நாள் லீவு போட்டதற்கே தேடுகிறார்கள்.