வதனி அக்கா உருக்கிய செம்பு

வதனி அக்கா போய்விட்டார். காலையில் மார்க்கம் நகரிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்துச் சொன்னார்...

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்ற்றில், நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்தோம். எனக்குத் தொழிற்சாலை வேலை. அவர் யூனிவர்சிட்டியில் பழைய கிரேக்கர்களின் செப்புச் சுரங்கங்களைப் பற்றி ஆராய்ச்சி.

"உனக்கேன் பிள்ளை கிரேக்கன்ர கல்லு? அக்கவுன்ரிங் படியன்" என்று சொல்லாத சனமில்லை. யூனிவர்சிட்டியிலும் ஒருவர், இலங்கையைப் பற்றிச் செய்தால் பொருத்தம் என்றாராம்.

"அவை வந்து எங்கட மண்ணைக் கிண்டலாம், நான் அவையின்ர மண்ணைக் கிண்டக் கூடாதோ?" அவ்வளவுதான் அக்காவின் பதில்.

களிமண் உலையும் கைத்துருத்தியும் வைத்தே பழைய கிரேக்கத் தீவொன்றின் ஆட்கள் செம்பு உருக்கினார்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவு சூடு வராது என்றார் அவரின் ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர். உருக்கிக் காட்டினால்தான் ஆய்வேடு நிற்கும்.

காட்டுவம் என்று வெளிக்கிட்டார். பின்வளவில் உலை கட்டினோம். கரி, செம்பு கலந்த பச்சைக் கல்... துருத்தி ஊதியது நான். கை கழன்றுபோனது.

கல் இளகுகிற நேரம் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரரின் வேலை.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் செல்வம் அங்கிள் ஓடிவந்து, "திஸ் இஸ் அவர் ரிலிஜன், சேர். பூஜா" என்றார். தீயணைப்புக்காரரும் தலையாட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தார்கள்.

அக்கா விடவில்லை. பூசை இல்லை, ஆராய்ச்சி என்று இங்கிலீசில் தெளிவாகச் சொன்னார். அப்படியென்றால் அனுமதி எங்கே என்று கேட்டார்கள். இல்லை. தண்ணீரை அடித்தார்கள்... உலை வெடித்துச் சேறாகிவிட்டது.

எனக்கு வந்த கோபம். "விசரே உங்களுக்கு? வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஓம், முடிஞ்சிருக்கும். பிறகு என்ர செம்பை ஆர் நம்புவான்? பிரசாதம் எண்டு சொல்லுவாங்கள்."

அனுமதி எடுத்து, யூனிவர்சிட்டி வளவிலேயே மறுபடி கட்டினார். நானும் போயிருந்தேன்; இந்தமுறை துருத்தியை என்னிடம் தராமல் பேராசிரியரின் கையில் கொடுத்தார். மனுசன் வியர்க்க வியர்க்க ஊதினார்.

கடைசியில் கடலையளவு செம்பு. அக்கா அதை உள்ளங்கையில் வைத்து அழுதார்.

பிறகு அந்தத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. மிசிசாகாவில் ஒரு ஒபிசில் இருந்து ஓய்வுபெற்றார்.

"படிச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்று செத்தவீட்டில் யாராவது சொல்ல நினைத்தால், நான் நிற்கிற இடத்தில் சொல்ல வேண்டாம். செம்பு வந்தது. நான் பார்த்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.